பதின்வயதினருக்கு அரசியலில் ஆர்வமூட்ட ஒரு வழி

பதின்வயதுப் பிள்ளைகளிடம் கட்சிகளைப் பற்றிப் பேசத் தொடங்குவதைவிட, விளக்கெரியாத விளையாட்டுத் திடல், நேரத்துக்கு வராத பேருந்து என அவர்களை அன்றாடம் உறுத்தும் ஒரு குறையை அவர்களே தேர்ந்தெடுக்கச் செய்து, அதைச் சரிசெய்யும் அதிகாரம் உள்ளாட்சி மன்றத்திடம் இருக்கிறதா, அதற்கு மேலுள்ள அரசிடமா என்று கண்டறியச் சொல்லுங்கள். அந்தத் தேடலிலேயே அதிகாரப் பகிர்வு பெருமளவு விளங்கிவிடும். மனுவையும் அவர்களே எழுதட்டும். நீங்கள் எழுத்துப்பிழைகளை மட்டும் திருத்துங்கள் (நடையையும் திருத்தும் ஆசை எழும், அடக்கிக்கொள்ளுங்கள்). வாக்களிக்க வயதாகவில்லையே என்று தயங்கினால், ஆஸ்திரியாவில் வாக்களிக்கும் வயது 2007இல் 16ஆகக் குறைக்கப்பட்டதையும், 1989ஆம் ஆண்டின் ஐ.நா. குழந்தைகள் உரிமை உடன்படிக்கையின் 12ஆம் பிரிவு, தங்களைப் பாதிக்கும் விவகாரங்களில் கருத்துச் சொல்லும் உரிமையைச் சிறாருக்கு அளிப்பதையும் எடுத்துச் சொல்லுங்கள்.