பிளாஸ்டிக் தாமரை இலை: இயற்கையைப் பார்த்து வடிவமைக்கும் வகுப்பில் தவிர்க்க வேண்டிய தவறுகள்

சென்ற மாதம் ஒரு புதிய ஆசிரியரின் பொறியியல் வடிவமைப்பு வகுப்பில் பின்வரிசையில் உட்கார்ந்திருந்தேன். மேசைமேல் 3டி பிரிண்டரில் அச்சடித்த தாமரை இலை, அதன்மேல் கடுகு கடுகாக மேடுகள். ஒரு மாணவி தண்ணீர் விட்டாள். அது இடுக்குகளில் தேங்கி அசையாமல் நின்றது. பல வருடங்களுக்கு முன் இதே இலையை என் வகுப்பும் அச்சடித்திருக்கிறது.

பசை காயுமுன் தூக்குவது, அளக்காமல் வெட்டுவது எல்லாம் ஒரு தடவை பட்டால் தானே சரியாகிவிடும். அவற்றை விட்டுவிட்டு, தானாகச் சரியாகாத தவறுகளை மட்டும் சொல்கிறேன்.

விலங்கை முதலில் தேர்ந்தெடுக்க விடுவது

"பிடித்த விலங்கு எது?" என்று தொடங்கினால் பாதிப் பேர் சுறா என்பார்கள், மீதிப் பேர் கழுகு. அப்புறம் சுறாவுக்கு ஒரு பிரச்சினையைத் தேடி அலைய வேண்டியதுதான். ஜப்பானின் 500 வரிசை புல்லட் ரயிலில் பிரச்சினைதான் முதலில் வந்தது. ரயில் சுரங்கத்துக்குள் வேகமாக நுழையும்போது நெருக்குண்ட காற்று மறுமுனையில் வெடிச்சத்தம் போட்டது. அந்தத் தலைவலியோடு இருந்த பொறியாளர் எய்ஜி நகாட்சு பறவை பார்க்கும் பழக்கமுள்ளவர். மீன்கொத்தி தண்ணீர் தெறிக்காமல் பாய்வது அவர் நினைவுக்கு வந்தது. 1997இல் அந்த அலகு மூக்கோடு ரயில் ஓடியது. வெல்க்ரோ ஒட்டுப்பட்டை இதற்குத் தலைகீழாக, பிரச்சினைக்கு முன்பே கண்ணில் பட்ட, நாய் ரோமத்தில் ஒட்டிய முள்காயிலிருந்து வந்தது உண்மைதான். ஆனால் அதற்குப் பத்து வருடத்துக்கு மேல் பிடித்தது. நமக்கு இருப்பது ஆறு வாரம்.

அளவை மறப்பது

இதுதான் இன்னும் எரிச்சல் தருகிறது, ஏனென்றால் அனுமதி கொடுத்ததே நான். 'தாமரை இலைத் தண்ணீர்போல' என்று சொல்லியே வளர்ந்தவன், அது ஏன் ஒட்டுவதில்லை என்று ஒருநாளும் கேட்டதில்லை. ஒரு குழு அந்த இலையின் மின்னணு நுண்ணோக்கிப் படத்தோடு வந்தது. குட்டிக் குட்டி மலைகள் நெருக்கமாக நிற்கும் அழகான படம். இதேபோல் அச்சடித்து, தண்ணீர் ஒட்டாத பலகை செய்கிறோம் என்றார்கள். சரி என்றேன். படத்தின் மூலையில், நிஜ அளவைக் காட்டும் சின்னக் கோட்டை அவர்களும் பார்க்கவில்லை, நானும் பார்க்கவில்லை. மூன்று வாரம் போனது, இரண்டு சுருள் பிளாஸ்டிக் இழை போனது. வந்த பலகை, சும்மா கிடந்த தட்டைப் பலகையைவிட அதிகமாகத் தண்ணீரைப் பிடித்து வைத்தது.

இலையின் மேடுகள் சுமார் 10 மைக்ரோமீட்டர் அளவு (ஒரு மைக்ரோமீட்டர் என்பது மில்லிமீட்டரில் ஆயிரத்தில் ஒரு பங்கு), அவற்றின்மேல் இன்னும் பொடியான மெழுகுத் துகள்கள். துளி அந்த நுனிகளில்தான் உட்காரும், அடியில் காற்று. எங்கள் பிரிண்டரின் முனைத் துளையே 400 மைக்ரோமீட்டர். அதில் வந்த மேடுகளுக்கு நடுவே துளி முழுசாக இறங்கிவிட்டது. மெழுகும் இல்லை.

தாமரையோடு இது முடிவதில்லை. நீளத்தை இரண்டு மடங்காக்கினால் பரப்பு நான்கு மடங்கு, எடை எட்டு மடங்கு. நீர்ப்பூச்சி தண்ணீர்மேல் நிற்பதும் எறும்பு தன்னைவிடக் கனமானதைத் தூக்குவதும் அவை சிறிசாக இருப்பதால்தான்.

இப்போதெல்லாம் பிரிண்டர் பக்கம் போகுமுன் நிஜ இலையைக் கையில் கொடுத்து, ஒரு மூலையை விரலால் அழுத்தித் தேய்க்கச் சொல்கிறேன். தேய்த்த இடத்தில் துளி உருளாமல் அப்பிக்கொள்ளும். இலை பார்வைக்கு அப்படியேதான் இருக்கிறது, பின்னே என்ன போனது என்று அவர்களே கேட்பார்கள். அடுத்து ஒரு கண்ணாடித் தகட்டை மெழுகுவர்த்திச் சுடரில் காட்டிக் கரி பிடிக்க வைப்போம். அந்தக் கரிமேல் விட்ட துளி பாதரசம்போல ஓடும். குறிப்பேட்டின் முதல் வரியும் மாறிவிட்டது: அசலின் அளவு என்ன, நம்முடையது என்ன, எத்தனை மடங்கு?

கதையை அப்படியே நம்புவது

ஜிம்பாப்வேயின் ஹராரேயில் 1996இல் திறந்த ஈஸ்ட்கேட் கட்டடம், காற்றோட்டத்தாலேயே உள்ளே குளிர்ச்சியாக இருக்க, கறையான் புற்றைப் பார்த்துக் கட்டியது என்று வகுப்புக்கு வகுப்பு சொல்கிறோம். கட்டடம் நன்றாகத்தான் வேலை செய்கிறது. ஆனால் புற்று காற்றோட்டத்தால் கூட்டின் வெப்பத்தைச் சீராக வைக்கிறது என்ற கருத்து பிற்கால ஆய்வில் நிற்கவில்லை. கூட்டின் வெப்பம் சுற்றியுள்ள மண்ணைப் பின்தொடர்கிறது. இதையும் சேர்த்துச் சொல்லுங்கள், வகுப்பு நிமிர்ந்து உட்காரும்.

ஒப்பிட ஒன்று இல்லாத சோதனை

திமிங்கலத் துடுப்புபோல முன்விளிம்பில் மேடுவைத்த விசிறி இறக்கையா? பக்கத்தில் வெறும் இறக்கையும் சுற்றட்டும்.

உடைந்ததைத் தூக்கி எறிவது

எறியாதீர்கள். தேதி எழுதி அலமாரியில் வையுங்கள், அடுத்த வருடத்து முதல் வகுப்புக்கு ஆகும்.