உதவித்தொகையா, பெரிய பெயரா: அமெரிக்கச் சட்டக் கல்லூரிக்கு முன்பணம் கட்டும் முன்

மார்ச் மாதம் ஒரு ஞாயிற்றுக்கிழமை இரவு என் அக்கா மகள் தொலைபேசியில் அழைத்தாள். "சித்தி, இரண்டு இடத்திலிருந்தும் கடிதம் வந்துவிட்டது. அம்மா பெரிய பெயரை விடாதே என்கிறாள். அப்பா பணத்தைப் பார் என்கிறார். நீங்கள் சொல்லுங்கள்."

நான் ஒஹாயோவில், வக்கீல் வைத்துக்கொள்ள வசதியில்லாதவர்களுக்காக அரசுச் செலவில் வாதாடும் வழக்கறிஞர். இந்தக் கேள்வியோடு என்னிடம் வருகிற எல்லோரையும் போலத்தான் அவளையும் கேட்டேன்: "உதவித்தொகை எவ்வளவு என்பது இருக்கட்டும். அந்தத் தொகைக்குக் கீழே என்ன எழுதியிருக்கிறது? ஒரு சொல் விடாமல் வாசி."

இதைக் கேட்பதற்குக் காரணம் இருக்கிறது. எனக்கு ஆண்டுக்கு 22,000 டாலர் தருவதாக வந்த கடிதத்தில், தரப்புள்ளி (GPA) 3.2க்குக் குறையாமல் இருந்தால் உதவித்தொகை தொடரும் என்று ஒரு வரி இருந்தது. இளங்கலையில் 3.8 வாங்கியவள் நான். 3.2 எனக்கு ஒரு பொருட்டாகவே தெரியவில்லை. அந்தக் கல்லூரியில் முதலாண்டு வகுப்பின் சராசரி 3.0க்கு அருகில் நிற்கும்படிதான் ஆசிரியர்கள் மதிப்பெண் போட வேண்டும் என்ற விதி இருப்பதை யாரும் எனக்குச் சொல்லவில்லை. எல்லோரும் என்னளவு உழைத்தார்கள், என்னளவு படித்தவர்கள். 3.2 என்பது அங்கே வகுப்பின் பெரும்பகுதிக்கு எட்டாத உயரம். நான் 3.11 வாங்கினேன். ஜூன் மாதம் ஒரு பக்கக் கடிதம் வந்தது. அடுத்த இரண்டு ஆண்டுகளுக்கு முழுக் கட்டணத்தையும் கடனாக வாங்கினேன்.

உங்கள் கடிதத்தில் நிபந்தனை இருந்தால், அந்தக் கல்லூரியின் 509 அறிக்கையைத் தேடி எடுங்கள். அமெரிக்க வழக்கறிஞர் சங்கத்தின் அங்கீகாரம் பெற்ற ஒவ்வொரு சட்டக் கல்லூரியும் ஆண்டுதோறும் டிசம்பரில் இதை வெளியிட்டாக வேண்டும். அதில் ஒரு சிறிய அட்டவணை உண்டு: நிபந்தனையோடு உதவித்தொகை பெற்றுச் சேர்ந்தவர் எத்தனை பேர், அவர்களில் எத்தனை பேருக்கு அது குறைக்கப்பட்டது அல்லது நிறுத்தப்பட்டது. இரண்டாவது எண்ணை முதல் எண்ணால் வகுத்துப் பாருங்கள். பத்தில் மூன்று பேர் இழக்கிறார்கள் என்றால், அந்த மூவரில் ஒருவராக உங்களையும் வைத்துக் கணக்குப் போடுங்கள். 'கல்லூரியில் தொடரும் தகுதியோடு இருந்தால் போதும்' என்ற நிபந்தனை மட்டும் இருந்தால் கவலை வேண்டாம். அது தேர்ச்சி பெற்றால் போதும் என்பதுதான். வகுப்பில் முதல் மூன்றில் ஒரு பங்குக்குள் வர வேண்டும் என்று எழுதியிருந்தால் அந்தப் பணத்தைக் கையில் உள்ள பணமாக எண்ணவே கூடாது.

இன்னொன்றையும் பாருங்கள். கல்விக் கட்டணம் ஏறத்தாழ ஒவ்வோர் ஆண்டும் உயரும். உதவித்தொகை 'இத்தனை டாலர்' என்று நிலையாக எழுதப்பட்டிருந்தால் ஏற்றம் உங்கள் தலையில் விழும். 'கட்டணம் முழுவதும்' என்றிருந்தால் விழாது.

அடுத்தது கணக்கு. கல்லூரி தருவது எவ்வளவு என்பதைவிட, பட்டம் வாங்கும் நாளில் நீங்கள் யாருக்கு எவ்வளவு கடன்பட்டிருப்பீர்கள் என்பதுதான் ஒப்பிட வேண்டிய எண். அக்கா மகளுக்கு வந்த பெரிய பெயர்க் கல்லூரியில் கட்டணமும் வாழ்க்கைச் செலவும் சேர்ந்து ஆண்டுக்கு 1,10,000 டாலர், உதவித்தொகை 20,000. மூன்று ஆண்டுக்கு அவள் கடனாகத் தேட வேண்டியது 2,70,000. அவள் மாநிலப் பல்கலைக்கழகத்தின் சட்டக் கல்லூரியோ நிபந்தனையின்றி முழுக் கட்டணத்தையும் விட்டுக்கொடுத்தது. அங்கே வீடும் சாப்பாடும் புத்தகமும் ஆண்டுக்கு 24,000, மொத்தம் 72,000. எட்டு சதவீத வட்டியில் பத்து ஆண்டுகளில் அடைப்பதென்றால் முதல் கடனுக்கு மாதம் ஏறத்தாழ 3,300 டாலர், இரண்டாவதற்கு 900க்குள். படிக்கும் காலத்தில் ஏறும் வட்டியை இதில் சேர்க்கவில்லை.

2026 ஜூலை 1 முதல் இந்தக் கணக்கு இன்னும் இறுகிவிட்டது. செலவு முழுவதையும் கடனாகத் தந்துவந்த கிராட் பிளஸ் என்ற கூட்டாட்சி அரசுக் கடன், புதிதாகக் கடன் வாங்குவோருக்கு அந்த நாளோடு நிறுத்தப்படுகிறது. சட்டம் படிப்பவர் அரசிடம் ஆண்டுக்கு 50,000 டாலர், மொத்தம் 2,00,000 டாலர் வரைதான் வாங்க முடியும். அக்கா மகளுக்குப் பெரிய கல்லூரியில் ஆண்டுக்கு 90,000 தேவை. மீதி 40,000க்குத் தனியார் கடன். இருபத்திரண்டு வயதில் வருமானமில்லாத பெண்ணுக்கு அதைத் தர அம்மாவோ அப்பாவோ பிணைக் கையெழுத்துப் போட வேண்டும். அந்தக் கையெழுத்து தங்கள் வீட்டுக் கடனுக்கு நிகரான பொறுப்பு என்பதைப் பெற்றோர் உணர்ந்து போட வேண்டும். நம் குடும்பங்களில் யாரும் முடியாது என்று சொல்வதில்லை. அதனாலேயே நீங்கள் கேட்கும் முன் நூறு முறை யோசியுங்கள். பெற்றோரின் விசாவில் இருக்கும் பிள்ளைகளுக்கும் மாணவர் விசாவில் வருவோருக்கும் அரசுக் கடன் அறவே கிடையாது. அவர்களுக்கு உதவித்தொகையின் எடை இருமடங்கு.

தனியார் கடனுக்கு இன்னொரு குறை. அரசு அலுவலகத்திலோ லாப நோக்கற்ற அமைப்பிலோ வேலை செய்துகொண்டு 120 மாதத் தவணை கட்டினால் மீதிக் கடனைத் தள்ளுபடி செய்யும் திட்டம் ஒன்று 2007 முதல் சட்டத்தில் இருக்கிறது. என் கடன் அப்படித்தான் தீர்ந்தது. அது அரசின் நேரடிக் கடனுக்கு மட்டுமே பொருந்தும்.

அப்படியானால் பெரிய பெயருக்கு மதிப்பே இல்லையா? இருக்கிறது, சில கதவுகளில் மிக அதிகமாகவே இருக்கிறது. 2022இல் கெட்டாஞ்சி பிரவுன் ஜாக்சன் பதவியேற்றபோது உச்ச நீதிமன்றத்தின் ஒன்பது நீதிபதிகளில் எட்டுப் பேர் ஹார்வர்டிலோ யேலிலோ சட்டம் படித்தவர்கள். ஒன்பதாமவர் ஏமி கோனி பேரட், நாட்டர் டேமில் முழு உதவித்தொகையில் படித்தவர். சட்டப் பேராசிரியராக வேண்டும், கூட்டாட்சி நீதிபதிக்குச் சட்ட ஆய்விலும் தீர்ப்பு எழுதுவதிலும் உதவும் கிளார்க்காகப் பணியாற்ற வேண்டும், நியூயார்க்கின் பெரிய சட்ட நிறுவனத்தில் நுழைய வேண்டும் என்றால் பெயர் கதவைத் திறக்கும். அந்த நிறுவனங்களில் தொடக்கச் சம்பளமே 2,25,000 டாலர். பெரிய கடனையும் அடைத்துவிடலாம். ஆனால் புதிய வழக்கறிஞர்களின் சம்பளம் இரண்டு குன்றுகளாக நிற்கிறது. ஒரு குன்று அந்த உயரத்தில். இன்னொன்று, பெரும்பாலோர் இருக்கும் குன்று, ஒரு லட்சத்துக்குக் கீழே. நடுவில் ஆட்கள் குறைவு. ஆகவே 'சராசரிச் சம்பளம்' என்று கல்லூரி காட்டும் எண்ணை வைத்து முடிவெடுக்காதீர்கள்.

அதற்குப் பதில் வேலைவாய்ப்பு அறிக்கையைத் திறங்கள். பட்டம் பெற்றுப் பத்து மாதத்தில் யார் எங்கே இருக்கிறார்கள் என்று ஒவ்வொரு கல்லூரியும் வழக்கறிஞர் சங்கத்துக்குத் தெரிவிக்கிறது. பார் தேர்வு (வழக்கறிஞராகும் உரிமம் பெற எழுதும் தேர்வு) தேவைப்படும், முழுநேர, நீண்டகால வேலை என்ற வரியைப் பாருங்கள். பிறகு 501 வழக்கறிஞர்களோ அதற்கு மேலோ உள்ள நிறுவனங்கள், கூட்டாட்சி கிளார்க் பணி என்ற வரிகள். கடைசியில், அதிகம் பேர் வேலைக்குப் போன மூன்று மாநிலங்கள். நீங்கள் வாழ நினைக்கும் மாநிலம் அந்த மூன்றில் இருக்கிறதா? மாநில நீதிமன்றங்களில் உள்ளூர்க் கல்லூரியின் பழைய மாணவர்கள்தான் நீதிபதியாகவும் அரசு வழக்கறிஞராகவும் உட்கார்ந்திருப்பார்கள். தரவரிசையில் முப்பதாம் இடத்துக்கும் முப்பத்தைந்தாம் இடத்துக்கும் உள்ள வித்தியாசத்தை ஒரு நீதிமன்றத்திலும் நான் கண்டதில்லை. யு.எஸ். நியூஸ் நிறுவனம் வெளியிடும் அந்த வரிசையின் கணக்கு முறை சரியில்லை என்று 2022 நவம்பரில் யேலும் ஹார்வர்டுமே அதற்குத் தகவல் தருவதிலிருந்து விலகின.

முடிவெடுக்கும் முன் ஒருமுறை கேட்டுப் பாருங்கள். நம்மவர்களுக்குப் பேரம் பேசக் கூச்சம். இங்கே இது வழக்கமான நடைமுறை. ஹார்வர்ட், யேல், ஸ்டான்ஃபோர்ட் மூன்றும் குடும்ப வசதியைப் பார்த்து மட்டுமே உதவி தருகின்றன. மதிப்பெண்ணைக் காட்டி அங்கே கேட்டுப் பயனில்லை. மற்றவற்றுக்கு, அக்கா மகள் என்னோடு உட்கார்ந்து எழுதிய கடிதம் இப்படி இருந்தது: "உங்கள் கல்லூரியில் சேரவே விரும்புகிறேன். இன்னொரு கல்லூரி முழுக் கட்டணத்தையும் தந்திருக்கிறது. அதன் கடிதத்தை இணைத்திருக்கிறேன். என் உதவித்தொகையை மறுபரிசீலனை செய்ய முடியுமா?" நான்கே வரி. அழுகை வேண்டாம், மிரட்டல் வேண்டாம். முன்பணம் கட்டும் கடைசித் தேதிக்கு இரண்டு மூன்று வாரம் முன்னதாக அனுப்புங்கள். நிபந்தனை இருந்தால் அதை நீக்கவும் இதே கடிதத்தில் கேட்கலாம். நான் கேட்காமல் விட்டது அதுதான்.

பெரிய கல்லூரி ஆண்டுக்கு 10,000 உயர்த்தியது. இன்னும் 2,40,000 கடன் மிச்சம். "நீ எங்கே, யாருக்காக வாதாடப் போகிறாய்?" என்று கேட்டேன். மினசோட்டாவில், குடியேற்ற வழக்குகளில், என்றாள். எங்களைக் கேட்டுக்கொண்டிருந்த அக்கா முதலில் ஒன்றும் பேசவில்லை. பிறகு, "அந்தச் சம்பளத்தில் இந்தக் கடனை எப்படியடி கட்டுவாய்?" என்றாள்.

மாநிலக் கல்லூரிக்கு அவள் முன்பணம் கட்டிய அன்றே மற்றக் கல்லூரிக்கு விலகல் கடிதம் எழுத வைத்தேன். நீங்களும் நாள் கடத்தாதீர்கள். நீங்கள் விடும் இடத்துக்காகக் காத்திருப்போர் பட்டியலில் யாரோ ஒருவர் தினமும் மின்னஞ்சலைத் திறந்து பார்த்துக்கொண்டிருப்பார்.