மருத்துவ ஆய்வுச் செய்தியைப் படிக்கும் முறை: யாரிடம் கண்டறிந்தார்கள் என்று முதலில் கேளுங்கள்

வாழ்க்கை முறையை மாற்றிக்கொண்டால் சர்க்கரை நோய் வரும் வாய்ப்பு 58 விழுக்காடு குறையும் என்ற வரியை நீங்கள் பலமுறை படித்திருக்கக்கூடும். அந்த வரி பொய்யன்று. ஆனால் 58 என்ற எண் எந்த நாட்டில், எத்தகைய மனிதர்களிடம், எதனோடு ஒப்பிட்டுப் பெறப்பட்டது என்பதை அது சொல்வதில்லை. அதைத் தெரிந்துகொள்ளாமல் அந்த எண்ணை நமக்கென்று எடுத்துக்கொள்வது, அளவு பார்க்காமல் பிறர் சட்டையை வாங்கி அணிவதற்கு ஒப்பாகும். மருத்துவப் படிப்பு இல்லாத ஒருவரும் பள்ளிக்கூடக் கணக்கை மட்டும் கொண்டு ஓர் ஆய்வு தமக்கு எவ்வளவு பொருந்தும் என்று மதிப்பிட முடியும். அதற்கான வழியை, நான் நன்கு அறிந்த சில ஆய்வுகளைக் கொண்டு இங்கே விளக்குகிறேன்.

மூலத்தைக் கண்டுபிடித்தல்

செய்தியில் ஆய்விதழின் பெயரோ ஆய்வு நடந்த நிறுவனத்தின் பெயரோ இருந்தால், அதை வைத்து, மருத்துவ ஆய்வுக் கட்டுரைகளின் இணையப் பட்டியலான பப்மெட் தளத்தில் தேடுங்கள். ஆய்வுச் சுருக்கம் பெரும்பாலும் கட்டணமின்றிக் கிடைக்கும். இரண்டு பெயரும் இல்லாத செய்தியை மேற்கொண்டு படிக்க வேண்டியதில்லை என்பது என் கருத்து. சுருக்கத்தின் முதல் சில வரிகளில் எத்தனை பேர், எந்த ஊர், எந்த ஆண்டு, எவ்வளவு காலம் என்ற நான்கு விவரங்களையும் ஒரு தாளில் குறித்துக்கொள்ளுங்கள். எலிகளிடமோ ஆய்வுக்கூடத்து உயிரணுக்களிடமோ நடந்த ஆய்வு என்றால் அந்தக் கணமே தெரிந்துவிடும்.

முதல் அட்டவணையும் சேர்க்கை விதிகளும்

முழுக் கட்டுரை கிடைத்தால் முடிவுரைக்குத் தாவாமல் முதல் அட்டவணையைப் பாருங்கள். பங்கேற்றவர்களின் சராசரி வயது, ஆண் பெண் எண்ணிக்கை, உடல் நிறை குறியீட்டெண் (உயரத்துக்கு ஏற்ற எடையா என்று காட்டும் எண்), இன விவரம் ஆகியவை பொதுவாக அங்கேதான் இருக்கும். பிறகு யாரைச் சேர்த்தார்கள், யாரை விலக்கினார்கள் என்ற பத்தியைப் படியுங்கள். கர்ப்பிணிகள், முதியோர், சிறுநீரகக் கோளாறு உள்ளவர்கள் ஆகியோர் பல மருந்து ஆய்வுகளில் விலக்கப்படுகிறார்கள். உங்கள் வீட்டில் மருந்து தேவைப்படுபவர் அவர்களில் ஒருவராகவே இருக்கலாம்.

58 என்ற எண்ணைத் தந்த ஆய்வையே எடுத்துக்கொள்வோம். அமெரிக்காவில் 27 மையங்களில் 3,234 பேரிடம் நடந்த சர்க்கரை நோய்த் தடுப்பு ஆய்வின் முடிவு 2002இல் வெளிவந்தது. அதில் சேர்ந்தவர்களின் சராசரி வயது 51, சராசரி உடல் நிறை குறியீட்டெண் 34. ஏறத்தாழ 45 விழுக்காட்டினர் சிறுபான்மை இனத்தவர் என்பதால், அக்காலத்து ஆய்வுகளோடு ஒப்பிட்டால் அது பரந்த சேர்க்கைதான். சேர்வதற்கான குறைந்தபட்சக் குறியீட்டெண் பொதுவாக 24 என்றும், ஆசிய வழியினருக்கு மட்டும் 22 என்றும் வைத்திருந்தார்கள். ஒரே ஆய்வுக்குள் இரண்டு எல்லைக்கோடுகள் ஏன் தேவைப்பட்டன என்ற கேள்வியை இங்கேயே குறித்து வைத்துக்கொள்ளுங்கள்.

இதற்கு இணையான இந்திய ஆய்வு ஒன்றும் உண்டு. சென்னையில் மருத்துவர் அ. ராமச்சந்திரன் தலைமையில் நடந்த அந்த ஆய்வு 2006இல் வெளிவந்தது. சேர்ந்தவர்கள் 531 பேர். சராசரி வயது 46க்குச் சற்றுக் குறைவு. சராசரி உடல் நிறை குறியீட்டெண் 25.8. சென்னைப் பங்கேற்பாளர்கள் அமெரிக்கப் பங்கேற்பாளர்களைவிட ஏறக்குறைய ஐந்து வயது இளையவர்கள், வெகுவாக ஒல்லியானவர்கள். அப்படியிருந்தும் இரு தரப்பினரும் நோயின் வாசலில் நின்றவர்களே.

விழுக்காட்டைப் பிரித்துப் பார்த்தல்

இந்தப் படியில்தான் பொறுமை வேண்டும், ஏனெனில் பெரும்பாலான தவறான புரிதல்கள் இங்கேதான் பிறக்கின்றன. சென்னை ஆய்வில் வாழ்க்கை முறை மாற்றம் நோயை 28.5 விழுக்காடு குறைத்தது. அமெரிக்காவில் 58, நம்மிடம் 28.5 என்றால் நடையும் உணவுக் கட்டுப்பாடும் நமக்குப் பாதிப் பயனைத்தான் தரும் என்று முடிவுகட்டத் தோன்றும். அந்த முடிவு தவறு. எந்தக் குறைப்பு விழுக்காட்டைப் பார்த்தாலும், எதிலிருந்து குறைந்தது என்று கேட்க வேண்டும். அதற்கான விடை, சிகிச்சை பெறாத ஒப்பீட்டுக் குழுவின் எண்ணில் இருக்கிறது.

அமெரிக்க ஆய்வில் மருந்துப்போலி (மருந்தில்லாத வெற்று மாத்திரை) பெற்ற குழுவில் மூன்றாண்டுகளில் 100க்கு ஏறத்தாழ 28.9 பேருக்குச் சர்க்கரை நோய் வந்தது. வாழ்க்கை முறையை மாற்றிக்கொண்டவர்களில் 14.4 பேருக்கு வந்தது. வேறுபாடு 14.5. சென்னையில் ஒப்பீட்டுக் குழுவில் மூன்றாண்டுகளில் 100க்கு 55 பேருக்கு நோய் வந்தது; வாழ்க்கை முறையை மாற்றிக்கொண்டவர்களில் 39.3 பேருக்கு வந்தது. வேறுபாடு 15.7. இப்போது 100ஐ இந்த வேறுபாட்டால் வகுத்துப் பாருங்கள். அமெரிக்காவில் 6.9, சென்னையில் 6.4. ஒருவருக்கு நோய் வராமல் தடுக்க எத்தனை பேர் மூன்றாண்டுகள் அந்த முறையைப் பின்பற்ற வேண்டும் என்பதுதான் இந்த எண்ணின் பொருள். இரண்டு இடங்களிலும் கிட்டத்தட்ட ஏழு பேர் முயன்றால் ஒருவர் காப்பாற்றப்படுகிறார். விழுக்காட்டில் பாதியாகத் தெரிந்த பயன் ஆட்களின் கணக்கில் சமமாகிவிடுகிறது, ஏனென்றால் சென்னையில் நோய் வரும் வேகமே இரு மடங்குக்கு அருகில் இருந்தது. (28.9ஐயும் 14.4ஐயும் வைத்துக் கணக்கிடுபவருக்கு 58க்கு மாறாக 50 வரும். ஆய்வாளர்கள் ஆண்டுக்கு எத்தனை பேருக்கு நோய் வந்தது என்ற வீதத்தைக் கொண்டு கணக்கிட்டதால் வந்த வேறுபாடு அது.)

சர்க்கரை நோய்க்குத் தரப்படும் மெட்ஃபார்மின் மாத்திரையின் கதை இன்னும் பாடம் தருவது. அமெரிக்காவில் 850 மில்லிகிராம் மாத்திரையை நாளுக்கு இரு வேளை கொடுத்தும் ஒருவரைக் காக்க ஏறத்தாழ 14 பேர் தேவைப்பட்டார்கள். அதாவது மாத்திரையின் பயன் வாழ்க்கை முறை மாற்றத்தின் பயனில் பாதிதான். சென்னையில் 250 மில்லிகிராம் இரு வேளை மட்டுமே கொடுத்தார்கள். ஒருவரைக் காக்க 6.9 பேர் போதுமானதாக இருந்தது. அங்கே மாத்திரையையும் வாழ்க்கை முறை மாற்றத்தையும் சேர்த்துப் பின்பற்றியவர்களுக்குக் கூடுதல் பயன் கிடைக்கவில்லை. ஆகவே நாடு மாறும்போது எண் மட்டுமன்றிச் சிகிச்சைகளுக்கு இடையே உள்ள இடைவெளியும் மாறக்கூடும். ஆனாலும் இரண்டு ஆய்வுகளையும் அருகருகே வைக்கும்போது ஓர் எச்சரிக்கை தேவை. சென்னையில் சர்க்கரை ஏற்புக் குறைவு (குளுக்கோசு குடித்த பிறகு இரத்தச் சர்க்கரை போதிய அளவு இறங்காத நிலை) இரண்டு சோதனைகளில் உறுதியானவர்களையே சேர்த்தார்கள். அமெரிக்காவின் சேர்க்கை விதி வேறு. அந்த 55க்கும் 28.9க்கும் உள்ள இடைவெளி முழுவதையும் மரபின் மேல் சுமத்திவிடக் கூடாது.

இதே கணக்கைத் தடுப்பூசியிலும் செய்து பாருங்கள். குழந்தைகளுக்குக் கடும் வயிற்றுப்போக்கை உண்டாக்கும் ரோட்டா வைரசுக்கு எதிரான சொட்டு மருந்து ஒன்று, லத்தீன் அமெரிக்க நாடுகளிலும் பின்லாந்திலும் நடந்த பெரிய ஆய்வில் கடுமையான நோயை ஏறத்தாழ 85 விழுக்காடு தடுத்தது. அதே மருந்து 2010இல் வெளிவந்த ஆய்வில் தென்னாப்பிரிக்காவில் 76.9 விழுக்காடும் மலாவியில் 49.4 விழுக்காடும்தான் தடுத்தது. மலாவிக்கு இது உதவாத மருந்து என்று யாராவது சொல்லியிருந்தால் அது பெரும் அநீதியாக முடிந்திருக்கும். மலாவியில் நோய் அவ்வளவு மிகுதி என்பதால், மருந்து பெற்ற 100 குழந்தைகளுக்கு ஆண்டுக்கு 6.7 கடும் நோய் நிகழ்வுகள் அங்கே தடுக்கப்பட்டன, தென்னாப்பிரிக்காவில் 4.2தான். விழுக்காடு குறைந்த நாட்டில்தான் அதிகக் குழந்தைகள் பயன்பெற்றார்கள். இந்த ஒரு கணக்கைத் தெரிந்துகொண்ட பிறகு எந்தத் தலைப்புச் செய்தியையும் என்னால் பழைய கண்ணோடு படிக்க முடியவில்லை.

வேறுபாடு எங்கிருந்து வருகிறது என்று கேட்டல்

ஒரு சிகிச்சை வெவ்வேறு மக்களிடம் வெவ்வேறாக வேலை செய்தால், உடனே ‘அவர்கள் மரபணு அப்படி’ என்று முடித்துவிடும் பழக்கம் படித்தவர்களிடமும் இருக்கிறது. காரணம் நான்கைந்து இடங்களில் ஒளிந்திருக்கலாம். எந்த இடம் என்பதைப் பொறுத்து நாம் செய்ய வேண்டியதும் மாறும்.

சில சமயம் காரணம் சூழல். வேலூர் கிறித்தவ மருத்துவக் கல்லூரியில் மருத்துவர் ஜேக்கப் ஜான், மேலை நாடுகளில் நல்ல பாதுகாப்பைத் தந்த மூன்று தவணை போலியோ சொட்டு மருந்து இங்குள்ள குழந்தைகள் பலருக்குப் போதவில்லை என்பதை 1970களில் எடுத்துக்காட்டினார். குடலில் ஏற்கெனவே இருக்கும் பிற கிருமிகள் போன்ற சூழல் காரணங்கள் அதற்குப் பின்னால் இருந்தன. தீர்வு கூடுதல் தவணைகளில் இருந்தது. மேலை நாட்டு எண்ணை அப்படியே நம்பியிருந்தால் அந்தக் குழந்தைகள் காக்கப்பட்டுவிட்டதாகவே நாம் கருதியிருப்போம்.

சில சமயம் காரணம் அளக்கும் கருவி. கொரோனா காலத்தில் வீடுதோறும் வாங்கிய பல்ஸ் ஆக்ஸிமீட்டர் விரல் தோலின் வழியே ஒளியைச் செலுத்தி ஆக்சிஜனை அளக்கிறது. 2020 டிசம்பரில் மிச்சிகன் ஆய்வாளர்கள் வெளியிட்ட ஆய்வில், கருவி 92 முதல் 96 வரை காட்டியபோதும் இரத்தத்தில் உண்மையான அளவு 88க்குக் கீழே இருந்த நிலை வெள்ளையரிடம் 3.6 விழுக்காடும் கறுப்பினத்தவரிடம் 11.7 விழுக்காடும் காணப்பட்டது. இங்கே நோயாளியின் உடலில் கோளாறு இல்லை. கருமையான தோலில் போதிய அளவு சோதிக்கப்படாத கருவியில்தான் கோளாறு. கருவி காட்டும் எண்ணைவிட மூச்சுத் திணறல் என்ற அறிகுறிக்கு முதலிடம் கொடுங்கள் என்று கருமை நிறத்தவராகிய நமக்கும் அழுத்திச் சொல்லத்தான் வேண்டும்.

சில சமயம் காரணம் சூத்திரம். இரத்தத்தில் உள்ள கிரியாட்டினின் என்னும் கழிவுப்பொருளின் அளவிலிருந்து சிறுநீரகத் திறனைக் கணக்கிடும் 2009ஆம் ஆண்டுச் சூத்திரம், கறுப்பினத்தவர் என்றால் விடையை 1.159ஆல் பெருக்கச் சொன்னது. அதனால் சிறுநீரகம் உள்ளதைவிட நன்றாக இருப்பதாகத் தோன்றி, மாற்றுச் சிறுநீரகத்துக்கான காத்திருப்போர் பட்டியலில் இடம்பெறுவது தாமதமாகக்கூடும். 2021இல் இன வேறுபாடு நீக்கப்பட்ட புதிய சூத்திரம் வந்தது. மக்களை வகைப்படுத்துவதே நீதி ஆகிவிடாது என்பதை இந்த எடுத்துக்காட்டு காட்டுகிறது.

எல்லைக்கோடுகளும் ஒரு காரணம். இங்கிலாந்தில் ஏறத்தாழ 14.7 லட்சம் பேரின் மருத்துவப் பதிவுகளைக் கொண்டு 2021இல் வெளியான ஆய்வின்படி, உடல் நிறை குறியீட்டெண் 30 உள்ள வெள்ளையருக்கு இருக்கும் சர்க்கரை நோய் ஆபத்து, தெற்காசியருக்கு 23.9இலேயே வந்துவிடுகிறது, சீனருக்கு 26.9, கறுப்பினத்தவருக்கு 28.1. அமெரிக்க ஆய்வில் ஆசிய வழியினருக்கு மட்டும் எல்லையை இறக்கியதன் பொருள் இப்போது விளங்கும். ஆகவே ‘உடல் பருமன் உள்ளவர்களுக்கு’ என்று தொடங்கும் ஆய்வைப் படிக்கும்போது, எந்த எண்ணைப் பருமன் என்கிறார்கள் என்று பாருங்கள்.

மரபணுவே காரணமாக இருக்கும் இடங்களும் உண்டு. வலிப்புக்குத் தரப்படும் கார்பமசிபைன் சிலருக்குத் தோலே உரிந்து உயிருக்கு ஆபத்தாகும் ஒவ்வாமையை உண்டாக்குகிறது. 2004இல் தைவானில் அவ்வாறு பாதிக்கப்பட்ட 44 பேரிடமும் எச்.எல்.ஏ.-பி 15:02 என்ற மரபு வகை இருந்தது. ஐரோப்பியரிடம் அது அரிது. 2007 முதல் அமெரிக்க மருந்து ஒழுங்குமுறை அமைப்பு, ஆசிய வழியினருக்கு இந்த மருந்தைத் தொடங்கும் முன் அந்த மரபு வகை உள்ளதா என்று சோதிக்கச் சொல்கிறது. சோதனை என்னவோ தனி மனிதரின் இரத்தத்தில்தான் நடக்கிறது. எந்த இனத்தவர் என்பது அந்தச் சோதனையை நினைவூட்டும் குறிப்பு மட்டுமே.

‘இந்தியர்’ என்ற சொல்லும் போதாது

இந்தியர்களிடம் நடந்த ஆய்வு என்று கண்டதும் நிம்மதி அடைந்துவிட வேண்டாம். இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகத்தின் நிதியுதவியுடன் 1,13,043 பேரிடம் நடந்து 2023இல் வெளியான ஆய்வில், நாடு முழுவதற்கும் சர்க்கரை நோய் 11.4 விழுக்காடு. ஆனால் கோவாவில் 26.4, உத்தரப் பிரதேசத்தில் 4.8, தமிழ்நாட்டில் 14.4. மாநிலங்கள் 2008 முதல் 2020 வரை வெவ்வேறு ஆண்டுகளில் அளக்கப்பட்டன என்பதையும் நினைவில் வைத்தால், சராசரி எண் எவ்வளவு கரடுமுரடானது என்று தெரியும். நகரமா கிராமமா, மருத்துவமனைக்கு வந்தவர்களா வீடுவீடாகச் சென்று சந்திக்கப்பட்டவர்களா என்ற கேள்விகளுக்கு நாட்டின் பெயரைவிட எடை அதிகம்.

துணைக்குழு முடிவுகளும் மருத்துவரிடம் செல்லும் குறிப்பும்

பெரிய ஆய்வுக்குள் ‘ஆசியர்’ என்று ஒரு சிறு வரி இருக்கும். 3,234 பேர் கொண்ட அமெரிக்க ஆய்வில் ஆசிய மற்றும் பசிபிக் தீவு வழியினர் ஏறத்தாழ 4.4 விழுக்காடுதான், அதாவது நூற்று நாற்பது பேரளவில். அவர்களையும் மூன்று குழுக்களாகப் பிரித்தால் ஒவ்வொன்றிலும் ஐம்பதுக்கும் குறைவானவர்களே மிஞ்சுவார்கள். அந்த வரியில் வரும் எண்ணைச் சுற்றி அடைப்புக்குறிக்குள் தரப்படும் கீழ் எல்லையையும் மேல் எல்லையையும் பாருங்கள்; உண்மையான அளவு பெரும்பாலும் இவற்றுக்கு இடையே இருக்கும். இரண்டும் வெகு தொலைவில் இருந்தால் அந்த எண்ணை வைத்து எதையும் முடிவு செய்யாதீர்கள். முழு ஆய்வின் முடிவே அதைவிட நம்பத்தக்கது.

இவ்வளவும் பார்த்த பிறகு மருத்துவரிடம் கொண்டுபோக வேண்டிய தாளில் சில வரிகள் போதும்: ஆய்வு யாரிடம் நடந்தது, ஒப்பீட்டுக் குழுவில் 100க்கு எத்தனை பேர், சிகிச்சைக் குழுவில் 100க்கு எத்தனை பேர், என் வயதும் எடையும் பிற நோய்களும் அவர்களிடமிருந்து எதில் வேறுபடுகின்றன. ‘இந்த மருந்து நல்லதா?’ என்று கேட்பதைவிட ‘என்னைப் போன்ற நூறு பேரில் எத்தனை பேருக்கு இது பயன்படும்?’ என்று கேட்டால் மருத்துவர் தரும் விடையும் தெளிவாக இருக்கும். ஏற்கெனவே உட்கொண்டுவரும் மருந்தை மட்டும், எந்த ஆய்வைப் படித்தும், அவரைக் கேளாமல் நிறுத்திவிடாதீர்கள். வலிப்பு மருந்தைத் திடீரென நிறுத்துவதே கடும் வலிப்பைக் கொண்டுவரக்கூடும்.