ஊருக்குப் போகிறீர்களா? பெயர் காட்டாத ஹோட்டல் சலுகையை எடுக்கும் முன்

கோலாலம்பூரிலிருந்தும் பினாங்கிலிருந்தும் இந்தியாவில் உள்ள ஊருக்குப் போகிறவர்கள் விமான டிக்கெட்டை மாதக்கணக்கில் காத்திருந்து மலிவாகப் பிடிக்கிறார்கள். ரூமை மட்டும் கடைசி வாரத்தில், கிடைத்த விலைக்கு எடுக்கிறார்கள். மிச்சம் பிடித்த வெள்ளி அங்கேதான் கரைகிறது.

அதைக் குறைக்க ஒரு வழி, பெயர் காட்டாத ஹோட்டல் சலுகை. 1998இல் அமெரிக்காவில் பிரைஸ்லைன் என்ற பயண முன்பதிவுத் தளம் கொண்டுவந்த ஏல முறைதான் இதற்கு முன்னோடி. வட்டாரம், நட்சத்திரம், நம் விலை மூன்றையும் நாம் சொல்ல வேண்டும். ஹோட்டல் ஒப்புக்கொண்டால் கார்டில் பணம் போய்விடும், பெயர் அதற்குப் பிறகுதான் தெரியும். இன்று அதன் இடத்தில் இருப்பவை விலையைக் காட்டிப் பெயரை மறைக்கும் சலுகைகள். ஹோட்டல் முன்பதிவுத் தளமான அகோடாவும் பிரைஸ்லைனும் இன்று புக்கிங் ஹோல்டிங்ஸ் என்ற ஒரே குழுமத்தைச் சேர்ந்தவைதான். அகோடாவிலும் இப்படிப்பட்ட ரகசியச் சலுகைகள் வருவதுண்டு. காலியாகக் கிடக்கும் ரூமை விற்க வேண்டும், ஆனால் விலையைக் குறைத்தது ஊருக்குத் தெரியக்கூடாது. ஹோட்டல்காரருக்கு இதுதான் கணக்கு.

முதலில், இலவசமாக ரத்து செய்யக்கூடிய ரூம் ஒன்றைப் போட்டு வையுங்கள். பிறகு அதே தேதிக்கு மறைபெயர்ச் சலுகையைத் திறந்து, வட்டாரம், நட்சத்திரம், விருந்தினர் மதிப்பெண், நீச்சல்குளம், காலை உணவு ஆகியவற்றைச் சாதாரணப் பட்டியலோடு ஒப்பிடுங்கள். மறைந்திருப்பது எது என்பது பெரும்பாலும் இரண்டு மூன்று ஹோட்டலுக்குள் அடங்கிவிடும். வரியோடு சேர்த்து 20 விழுக்காடாவது குறையாவிட்டால் விட்டுவிடலாம். இந்தச் சலுகையில் பொதுவாகப் பணம் திரும்ப வராது.

வரியைக் கட்டாயம் பாருங்கள். இந்தியாவில் 2025 செப்டம்பர் 22 முதல் ஓர் இரவுக்கு 7,500 ரூபாய் வரையிலான ரூமுக்கு ஜிஎஸ்டி 5 விழுக்காடு, அதற்கு மேல் 18. 7,400 ரூபாய் ரூம் 7,770இல் முடியும். 7,600 ரூபாய் ரூம் 8,968 ஆகிவிடும். வெறும் 200 ரூபாய் வித்தியாசம் கிட்டத்தட்ட 1,200 ஆகிறது.

நம்மவர்கள் அதிகம் மாட்டுவது வேறோர் இடத்தில். மலேசிய பாஸ்போர்ட் வைத்திருப்பவர் அங்கே வெளிநாட்டவர். வெளிநாட்டவர் தங்கினால் ஹோட்டல் 24 மணி நேரத்துக்குள் குடிநுழைவுத் துறைக்கு ஆன்லைனில் தெரிவிக்க வேண்டும். இதைத்தான் 'சி ஃபார்ம்' என்பார்கள். இந்த வசதி இல்லாத சிறு லாட்ஜுகள் நல்ல தமிழில் பேசினாலும் வாசலிலேயே கையை விரித்துவிடும். அதனால் பணம் கட்டும் முன், நீங்கள் ஊகித்த ஹோட்டல்கள் எல்லாவற்றுக்கும் போன் போடுங்கள். "மலேசியா பாஸ்போர்ட், சி ஃபார்ம் போடுவீங்களா?" என்று கேட்டால் போதும். ஒன்று மறுத்தாலும் அந்தச் சலுகை வேண்டாம்.

அதே போனில், "ஆப்ல இந்த விலை காட்டுது, நேரா எடுத்தா எவ்வளவு?" என்றும் கேளுங்கள். தளத்துக்குக் கொடுக்கும் கமிஷன் மிச்சமாவதால் சிலர் விலையைக் குறைப்பார்கள், சிலர் காலை உணவைச் சேர்த்துக் கொடுப்பார்கள். பெயர் தெரிந்த ரூமே அதே விலைக்குக் கிடைத்தால் அதுதான் நல்லது.

அப்பா, அம்மா, பிள்ளைகளோடு போகிறவர்களுக்கு மறைபெயர்ச் சலுகை ஒத்துவராது. பெரும்பாலும் பெரியவர் இருவருக்கான ரூம்தான். இரண்டு தனிக் கட்டிலோ கூடுதல் மெத்தையோ உறுதியில்லை. முகூர்த்த நாள், பொங்கல், மதுரைச் சித்திரைத் திருவிழா, ஸ்ரீரங்கம் வைகுண்ட ஏகாதசி சமயத்தில் இதைத் தேடி நேரத்தைக் கழிக்க வேண்டாம். ரூம் நிறையும்போது யாரும் விலையைக் குறைப்பதில்லை.

கார்டில் வெளிநாட்டுப் பரிவர்த்தனையை வங்கி ஆப்பில் திறந்து வையுங்கள், இல்லையென்றால் பணம் கட்டும்போது கார்டு மறுக்கப்படலாம். புதிய ரூம் உறுதியான பிறகே பழையதை ரத்து செய்யுங்கள். இலவசமாக ரத்து செய்வதற்கான கெடு பெரும்பாலும் இந்திய நேரப்படி இருக்கும். நம் நேரத்துக்கு அது இரண்டரை மணி பின்னால். விமானம் 15ஆம் தேதி அதிகாலை 1 மணிக்கு இறங்கினால் ரூமை 14ஆம் தேதி இரவிலிருந்து போட வேண்டும். தாமதமாக வருவதையும் ஹோட்டலுக்கு முன்கூட்டியே சொல்லிவிடுங்கள், வரவில்லை என்று ரூமை வேறொருவருக்குக் கொடுத்துவிடாமல் இருக்கும்.