கொக்கோ விதையிலிருந்து சாக்லேட்

புளிக்கவைத்து உலர்த்திய கொக்கோ விதையாகப் பார்த்து வாங்குங்கள். புளிக்காத விதையை எவ்வளவு வறுத்தாலும் சாக்லேட் மணம் வராது. 130 டிகிரி செல்சியஸில் ஓவனில் 25 நிமிடம் போல வறுக்கலாம். முதலில் புளிப்பு நெடி மூக்கில் ஏறும். அது அடங்கி நல்ல மணம் எழும்போது எடுத்துவிடுங்கள். இதில் நேரக் கணக்கைவிட மூக்கைத்தான் நான் நம்புவேன். ஆறியதும் நொறுக்கி, தோலைப் புடைத்து நீக்குங்கள்.

தோல் நீக்கிய 700 கிராம் கொக்கோ பருப்புக்கு 300 கிராம் சர்க்கரை. கல் கிரைண்டரில் பருப்பு கூழானதும் சர்க்கரையைச் சேர்த்து ஒரு நாளாவது ஓட விடுங்கள். நாக்கில் நறநறத்தால் இன்னும் ஓடட்டும். ஒரு சொட்டுத் தண்ணீர்கூடப் படக்கூடாது, கலவை கட்டிதட்டிவிடும்.

அப்புறம்தான் எனக்கு மிகவும் பிடித்த வேலை. விதையிலேயே இருக்கும் கொழுப்பான கொக்கோ வெண்ணெய் ஆறு விதமாகப் படிகமாகும். பளபளப்பும் 'டக்'கென உடையும் பதமும் ஐந்தாவது வகையில்தான் கிடைக்கும். அதற்காக அரைத்த கலவையை 48 டிகிரிக்கு உருக்கி, கிளறிக்கொண்டே 28க்கு இறக்கி, மறுபடி 31க்கு ஏற்றுங்கள். கத்தி முனையில் கொஞ்சம் தொட்டு வையுங்கள். ஐந்து நிமிடத்தில் கோடு விழாமல் மினுமினுப்பாக இறுகினால் சரி, உடனே அச்சில் ஊற்றலாம். வெளிறிய கோடு தெரிந்தால் பதறவேண்டாம், மீண்டும் 48க்கு உருக்கிப் பதம் பிடியுங்கள்.