எஃப் கார்டும் ஆள்காட்டி விரல் வலியும்

கிட்டாரில் எஃப் கார்டு (chord, பல ஸ்வரங்களைச் சேர்த்து ஒலிக்கும் பிடி) பிடித்தாலே இடது ஆள்காட்டி விரலின் அடிமூட்டில் சுருக்கென்று வலிக்கும். நுனித் தோல் வேறு பிளந்துகொண்டே இருந்தது. ஓய்வு கொடுத்தால் சரியாகும், கிட்டாரை எடுத்த மறுநாளே திரும்பிவிடும். ஐஸ் ஒத்தடம், வலி களிம்பு எதற்கும் அசையவில்லை. 12 கேஜ் ஸ்ட்ரிங்கைக் கழற்றிவிட்டு அதைவிட மெல்லிய 11 போட்டதில் கொஞ்சம் தேவலை, அவ்வளவுதான். பிளவில் சூப்பர் குளூ தடவச் சொன்னார் ஒரு நண்பர், எரிச்சல்தான் மிச்சம்.

ஒன்று மட்டும் உதைத்தது. எஃப் கார்டு முதல் ஃப்ரெட்டில் (கழுத்தில் குறுக்கே பதித்த உலோகக் கம்பி) பிடிக்கும் பாரே, அதாவது ஆள்காட்டி விரலைப் படுக்கவைத்து எல்லா ஸ்ட்ரிங்கையும் அழுத்துவது. ஐந்தாம் ஃப்ரெட்டில் அதே பாரே பிடித்தால் வலியே இல்லை. முதல் ஃப்ரெட்டில் கேப்போ (எல்லா ஸ்ட்ரிங்கையும் அழுத்திப் பிடிக்கும் கிளிப்) மாட்டி, அடுத்ததில் பிடித்தேன். அங்கும் வலியில்லை! அப்படியென்றால் கோளாறு நட்டில்தான் (கழுத்தின் தலைப்பக்கம் ஸ்ட்ரிங்குகள் உட்காரும் பள்ளமிட்ட சின்னத் துண்டு). அது ஸ்ட்ரிங்கை அளவுக்கு மேல் உயர்த்தி வைத்திருந்தது. ஸ்ட்ரிங்கை இரண்டுக்கும் மூன்றுக்கும் நடுவே அழுத்திக்கொண்டு முதல் ஃப்ரெட்டின் மேல் பாருங்கள். மெல்லிய தாள் நுழையும் இடைவெளி போதும். என்னுடையதில் விசிட்டிங் கார்டே தாராளமாகப் போனது.

ரிப்பேர்காரர் நட்டின் பள்ளங்களை மெல்லிய அரத்தால் ஆழமாக்கிக் கொடுத்தார். அப்பாடா, வலி போயிற்று, தோலும் ஆறிவிட்டது. வீட்டில் நீங்களே அராவ வேண்டாம். துளி அதிகமானாலும் ஸ்ட்ரிங் முதல் ஃப்ரெட்டில் உரசி இரையும், புது நட்தான் போடவேண்டும். விரல் மரத்துப்போனாலோ வாசிக்காதபோதும் வலித்தாலோ அது வேறு விஷயம், டாக்டரிடம் காட்டுங்கள்.