பொது முடிவுகளுக்கான இணையக் களத்தை அமைப்பது எப்படி?

மக்கள் கூடிப் பேசுவதற்கான இணையக் களத்தை அமைக்க முனைவோர் பெரும்பாலும் எந்த மென்பொருளைத் தேர்வது என்றே முதலில் கேட்கிறார்கள். அதற்கு முன் உறுதிசெய்ய வேண்டியது, அங்கே சேரும் கருத்துகளுக்குப் பதில் சொல்லும் பொறுப்பு யாருடையது என்பதாகும். உரிய மன்றமோ அரசுத் துறையோ, குறித்த நாளுக்குள் எழுத்தில் பதிலளிப்பதாகவும், ஏற்காத யோசனைகளுக்குக் காரணம் கூறுவதாகவும் முன்கூட்டியே வாக்குத் தராவிட்டால், களத்தைத் திறக்காமல் இருப்பதே மேல். தைவானில் 2014ஆம் ஆண்டின் சூரியகாந்தி மாணவர் இயக்கத்தைத் தொடர்ந்து உருவான 'வி-தைவான்' என்னும் இணையக் கலந்தாய்வுக் களம் பலராலும் பாராட்டப்பட்டது. எனினும், அதன் பரிந்துரைகளை ஏற்றாக வேண்டிய கட்டாயம் அரசுக்கு இருக்கவில்லை என்பது அதன் பெருங்குறையாகவே நீடித்தது.

அடுத்து, கேள்வியைக் குறுக்குங்கள். போக்குவரத்தைப் பற்றிக் கருத்துக் கேட்டால் புலம்பலே வந்து சேரும். குறிப்பிட்ட ஒரு சாலையில் வாகன நிறுத்தத்தை அகற்றி மிதிவண்டித் தடம் அமைக்கலாமா, அமைத்தால் அங்குள்ள கடைகளுக்குச் சரக்கு இறக்குவது எங்கே என்று கேட்டால் யோசனைகள் வரும். செலவு மதிப்பீட்டையும் சட்ட வரம்புகளையும் எளிய நடையில் கேள்வியுடனேயே வைத்துவிட வேண்டும்.

உரையாடலின் அமைப்பில்தான் மிகுந்த கவனம் தேவை. சண்டையை, பதிவுகளை மேற்பார்வையிடும் மட்டுறுத்துநர்கள் அடக்குவார்கள் என்று நம்புவதைவிட, சண்டைக்கு இடமளிக்காத வடிவத்தைத் தேர்வதே அறிவுடைமை. வி-தைவான் பயன்படுத்திய 'பொல்.இஸ்' என்னும் மென்பொருளில் பிறர் கூற்றுக்கு மறுமொழி எழுத வழியே இல்லை. ஏற்கிறேன், மறுக்கிறேன், கடந்து செல்கிறேன் என்று வாக்களிக்கலாம், அல்லது புதிய கூற்றை முன்வைக்கலாம். ஒத்த மனப்போக்குடையோரை அது குழுக்களாகப் பிரித்து, எல்லாக் குழுக்களும் ஏற்கும் கூற்றுகளை வெளிக்கொணர்கிறது. 2015இல் ஊபர் சேவை குறித்து அங்கே நடந்த விவாதத்தில் எதிரெதிர் அணிகள் உருவானபோதும், பயணிகளுக்கான காப்பீடு போன்றவற்றில் பரந்த உடன்பாடு தெரியவந்தது. ஐஸ்லாந்தின் ரெய்க்யவிக் நகரில் 2010இல் தொடங்கிய தளமோ, ஒவ்வொரு யோசனைக்கும் ஆதரவான வாதங்களையும் எதிரான வாதங்களையும் அருகருகே இரு வரிசைகளாகப் பிரித்து வைக்கிறது. எதிர்க்கருத்துடையவர் ஆளைத் தாக்காமல் தம் வாதத்தை எழுத வேண்டியிருப்பதால், வசைக்கு வேலை குறைகிறது.

மட்டுறுத்தல் விதிகள் ஒரு பக்கத்துக்குள் அடங்கட்டும். நீக்கிய பதிவுக்குக் காரணமும் மேல்முறையீட்டு வழியும் இருக்கட்டும். உண்மைப் பெயரைக் கட்டாயமாக்குவதில் எனக்கு உடன்பாடில்லை: அதிகாரத்துக்கு அஞ்சுவோரே முதலில் விலகிப்போவார்கள். ஒருவருக்கு ஒரே கணக்கு என்பதைச் சரிபார்த்துவிட்டு, புனைபெயரை அனுமதிக்கலாம்.

இணைய வசதி இல்லாதோரின் குரலும் களத்தில் ஏற வேண்டும். பார்சிலோனா நகரம் 2016இல் 'டெசிடிம்' என்னும் கட்டற்ற மென்பொருளைப் பயன்படுத்தத் தொடங்கியபோது, நேரடிக் கூட்டங்களில் எழுந்த யோசனைகளும் அதே தளத்தில் பதிவாயின. நீங்களும் கூட்டக் குறிப்புகளை அன்றன்றே ஏற்றுங்கள். விவாதம் முடிந்தபின் தளத்தை மூடிவிடாமல், ஏற்கப்பட்ட ஒவ்வொரு யோசனையும் எந்த நிலையில் உள்ளது என்பதை அதே பக்கத்தில் தேதியுடன் தொடர்ந்து பதிவுசெய்து வாருங்கள்.